இஸட்4 ரூஃப் மோட்டாரை டிக்கிக்கு மாற்றும் வேலை: கிட்டிலும் மெக்கானிக்கிடமும் பார்க்க வேண்டியவை

பி.எம்.டபிள்யூ இஸட்4 காரின் முதல் தலைமுறை இ85. 2002 முதல் 2008 வரை அமெரிக்காவின் ஸ்பார்ட்டன்பர்க் ஆலையில் தயாரானது. பொத்தானை அழுத்தினால் பத்தே வினாடியில் துணிக்கூரை இஸட் வடிவில் மடிந்து இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். கூரையின் முன்பகுதியே மேல்மூடியாகவும் அமைந்துவிடுவதால் தனி மூடி தேவையில்லை. எளிமையான, அழகான வடிவமைப்பு. அதை இயக்கும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும்) அமைப்பின் மோட்டாரை வைத்த இடம்தான் மன்னிக்க முடியாத தவறு. அந்தப் பள்ளத்தின் அடியில், இடது இருக்கைக்குப் பின்னால், மழைநீர் வடியும் மூலையிலேயே மோட்டாரைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

வடிகால் அடைத்தால் மோட்டார் மூழ்கும், மூழ்கினால் துருப்பிடித்து இறுகும். இந்த வண்டியை வைத்திருப்பவர்களில் இதைக் கேள்விப்படாதவர் அரிது. அதனால்தான் பிரிட்டனில் மோட்டாரை அங்கிருந்து எடுத்து டிக்கிக்குள் மாற்றித் தருவதே ஒரு தனிச் சேவையாக வளர்ந்திருக்கிறது. சொந்தக் கையால் செய்பவர்களுக்கு ஒயர், பிராக்கெட் அடங்கிய கிட்களும் கிடைக்கின்றன. எந்த ஒரு கடையையும் குறிவைத்து எழுதிய விமர்சனம் அல்ல இது. அந்த வேலை காசுக்குத் தகுமா, கிட் வாங்கினால் உள்ளே என்ன இருக்க வேண்டும், மெக்கானிக்கிடம் விட்டால் எதைக் கேட்க வேண்டும் என்பதே பேச்சு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வேலை காசுக்குத் தகும். மோட்டார் செத்தபின் புதிய மோட்டாரை வாங்கி அதே பள்ளத்தில் மறுபடி வைப்பதுதான் தகாது.

மோட்டார் ஏன் சாகிறது

பள்ளத்தின் இரு பக்கமும் வடிகால் உண்டு. அங்கிருந்து ரப்பர் குழாய்கள் இறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியே திறக்கும். இலைத்தூள், மகரந்தம், சாலைப் புழுதி, கூரைத் துணியின் நூல் எல்லாம் சேர்ந்து அந்தக் குழாயின் வாயில் சேறாக இறுகும். மரத்தடியில் நிறுத்தும் வண்டிக்கு ஓர் இலையுதிர் காலமே போதும். பிரிட்டனில் இன்னொரு சங்கதியும் கூடுகிறது. அங்கே வண்டிகள் சாலையின் இடது ஓரம் நிற்கும். நீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். ஆகவே நிறுத்திய வண்டி எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. தேங்கும் நீர் மோட்டார் இருக்கும் மூலைக்கே போய்ச் சேரும்.

சத்தத்தைக் குறைக்க மோட்டாரைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் நுரைப்பஞ்சு நிலைமையை இன்னும் கெடுக்கிறது. தேங்கிய நீர் வடிந்த பிறகும் நுரை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் மோட்டார் ஈரத்துணி சுற்றிய நிலையில் கிடக்கிறது. வடிகாலைச் சுத்தம் செய்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்தவர்களின் மோட்டாரும் இப்படித்தான் போகிறது.

இதில் கவனிக்க வேண்டிய நல்ல சேதியும் ஒன்று உண்டு. ஒன்றாக இணைந்திருக்கும் அந்தத் தொகுப்பில் மோட்டார் வேறு, பம்ப் வேறு. பம்ப் எண்ணெயில் மூழ்கிய, மூடிய பாகம். அதற்குள் நீர் எளிதில் போகாது. ஈரத்தில் கெடுவது மின்மோட்டாரின் உறை, பேரிங், மின்சாரத்தை உள்ளே கடத்தும் கார்பன் பிரஷ், சுருள் சுற்றிய சுழலும் பாகமான ஆர்மேச்சர் ஆகியவை. "பம்ப் போய்விட்டது, முழுத் தொகுப்பும் மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். பெரும்பாலும் போயிருப்பது மோட்டார் மட்டுமே.

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்

கூரை நகரவில்லை என்பதற்காக மோட்டார்தான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. கூரை எந்த நிலையில் இருக்கிறது, முன்பூட்டு திறந்ததா என்று சொல்லும் உணரிகளில் ஒன்று கெட்டாலும் கட்டுப்பாட்டு யூனிட் மோட்டாருக்கு மின்சாரமே அனுப்பாது. பேட்டரி சோர்ந்திருந்தாலும் பாதியில் நின்றுவிடும். எனவே எந்தச் சோதனையையும் எஞ்சின் ஓடும்போது, நல்ல பேட்டரியோடு செய்ய வேண்டும்.

மோட்டாருக்குப் போகும் இரண்டு தடித்த ஒயர்களில் மல்டிமீட்டரை வைத்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 12 வோல்ட் அளவுக்கு வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டார்தான் நோயாளி. வோல்ட்டே வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச்), உணரி என்று பின்னோக்கித் தேட வேண்டும். எஞ்சின் பிழைகளைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனர் இந்த யூனிட்டின் பிழைக் குறிகளைப் படிக்காது. பி.எம்.டபிள்யூ உடற்பகுதி யூனிட்களைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கூரை அசையவில்லையா? எண்ணெய் குறைந்திருக்கும், அல்லது பம்பே தேய்ந்திருக்கும்.

சாகப்போகும் மோட்டார் முன்கூட்டியே அறிகுறி காட்டும். கூரை மெதுவாகும். இடது இருக்கைக்குப் பின்னால் முனகலோ கிறீச்சென்ற சத்தமோ வரும். ஈரமான நாளில் மறுத்து, காய்ந்த நாளில் ஓடும். கடைசியில் ரிலே சொடுக்கும் ஒலி மட்டும் மிஞ்சும். இந்த நிலையில் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது மோட்டாரின் சுருளையும் ரிலே முனைகளையும் கருக்கும்.

கூரை திறந்திருக்கும்போது மோட்டார் நின்றுவிட்டால் பதற வேண்டாம். இந்தக் கூரையைக் கையாலேயே மெல்லத் தூக்கி மூடலாம். இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம், சமமாக. முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் உள்ள சிறு மூடியைக் கழற்றி, கருவிப் பையில் இருக்கும் அறுகோணச் சாவியால் பூட்டைத் திருப்பி இறுக்கினால் முடிந்தது. ஒரே பக்கத்தில் பிடித்து இழுத்தால் மட்டும் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

மூன்று வழிகள்

டீலர் வழி: கூரையையே கழற்றி எடுத்து, புதிய தொகுப்பை அதே இடத்தில் பொருத்துவது. வேலை சுத்தமாக இருக்கும், உத்தரவாதமும் கிடைக்கும். ஆனால் பில்லில் பாகத்தின் விலையோடு கூரையைக் கழற்றி மாட்டும் மணிநேரக் கூலியும் பெருந்தொகையாக ஏறும். வண்டியின் இன்றைய மதிப்போடு ஒப்பிட்டால் நியாயமே இல்லை. அதைவிட, நோய்க்குக் காரணமான இடம் அப்படியே இருக்கிறது. அருங்காட்சியகத் தரத்தில் அசல் நிலையைக் காக்க விரும்புபவருக்கு மட்டுமே இந்த வழி.

இரண்டாவது, இருக்கும் மோட்டாரைப் பழுது பார்ப்பது. இதை முயலாமல் புதியது வாங்குவது வீண் செலவு. மோட்டார் உறையைப் பிடித்திருக்கும் நீண்ட திருகுகளைக் கழற்றினால் உறை தனியே வரும். துருவைத் தேய்த்து எடுத்து, பிரஷ்கள் தங்கள் கூட்டில் தாராளமாக நகர்கின்றனவா என்று பாருங்கள். பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். அதே எண்ணில் ரப்பர் மூடியுள்ள வகையை வாங்கிப் போடுங்கள். பிரஷ்கள் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடையிடையே உள்ள காடிகளில் தூள் இல்லாமல் செய்யுங்கள். பிறகு பேட்டரியில் நேரடியாக இணைத்து ஓரிரு நொடி ஓட்டிப் பார்க்கலாம், முனைகளை மாற்றினால் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். காந்தத் துண்டுகள் உறையிலிருந்து பெயர்ந்திருந்தாலோ உடைந்திருந்தாலோ அந்த மோட்டாரோடு மல்லுக்கட்ட வேண்டாம். உறைக்குள் எண்ணெய் இருந்தால் பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவிலுள்ள தண்டு சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் மூடினால் சில மாதங்களில் பிரஷ்கள் எண்ணெயில் ஊறி மீண்டும் நின்றுவிடும்.

மூன்றாவது வழி இடமாற்றம். பழுது பார்த்த மோட்டாராக இருந்தாலும், பழைய வண்டியிலிருந்து எடுத்ததாக இருந்தாலும், புதியதே ஆனாலும், அதை டிக்கிக்குள் வைப்பதுதான் முழுத் தீர்வு. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவது எல்லாவற்றிலும் உத்தமம். கூரையைப் பாதியில் நிறுத்திவைக்க மோட்டாரே உதவும், எடுக்கும் தொகுப்பும் ஆரோக்கியமாக இருக்கும்.

வேலை நடக்கும் விதம்

அனுபவமுள்ள கைகள் கூரையைக் கழற்றுவதில்லை. கூரையைப் பாதி உயர்த்தி, கட்டையோ பட்டையோ கொண்டு இரு பக்கமும் உறுதியாகத் தாங்க வேண்டும். தாங்காமல் கையை உள்ளே விட்டால் விரல் போகும், இதில் சமரசம் கிடையாது. டிக்கியில் உள்ள பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்க வேண்டும். பிறகு பள்ளத்தின் உட்படுதாவை இடது பக்கம் அதன் பிளாஸ்டிக் பொத்தான்களிலிருந்து விடுவித்தால் மூலையில் நுரை போர்த்திய தொகுப்பு தெரியும். இடம் மிகக் குறுகல். ஒயர் இணைப்பைப் பிரித்து, ரப்பர் தாங்கிகளிலிருந்து தொகுப்பை அசைத்து விடுவித்து, மேலே தூக்க வேண்டும். துருப்பிடித்த தாங்கியில் பொறுமையிழந்து திருகினால் ஹைட்ராலிக் குழாயின் கழுத்து உடையும். புதிய குழாய் வாங்கும் செலவு இந்த வேலையின் லாபத்தையே தின்றுவிடும்.

குழாய்கள் மெல்லிய நைலான். கூரையைத் தள்ளும் இரு பக்கச் சிலிண்டர்களுக்கும் இங்கிருந்துதான் போகின்றன. குளிரில் நைலான் விறைத்து மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடம் பிற்பாடு அழுத்தத்தில் பிளக்கும். வளைக்கும் முன் முடி உலர்த்தியால் இளஞ்சூடாக்கிக்கொள்வது நல்லது. கூரை நகரும்போது சட்டத்தின் கரங்கள் எங்கெல்லாம் போய்வருகின்றன என்று பார்த்து, அந்தப் பாதையில் குழாயோ ஒயரோ வராதபடி கட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் கட்டிய வண்டிகளில்தான் முதல்முறை கூரையை மடக்கும்போதே குழாய் நசுங்குகிறது.

பள்ளத்துக்கும் டிக்கிக்கும் இடையிலான தகட்டைத் தாண்டுவது அடுத்த கட்டம். இங்கே இரண்டு பாணிகள் உண்டு. குழாய்களைப் பம்பிலிருந்து கழற்றி, சிறிய ஓட்டை வழியாக நுழைத்து, மறுபக்கம் திரும்ப இணைப்பது ஒன்று. குழாய்களைத் தொடாமல், தொகுப்பே நுழையும் அளவுக்குப் பெரிய வழி செய்வது மற்றொன்று. எனக்கு முதல் பாணியே பிடிக்கும். தகடு குறைவாக வெட்டப்படுகிறது, நீர் புகும் வாயும் சிறிது. ஆனால் ஒவ்வொரு குழாயிலும் அதன் இடத்தை எழுதி ஒட்ட வேண்டும், ஓ-ரிங்குகளை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களை) புதிதாகப் போட வேண்டும், கழற்றிய முனைகளை உடனே மூடி வைக்க வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பம்பின் வால்வு சரியாக அமராது. எந்தப் பாணியானாலும் வெட்டிய விளிம்பை அரத்தால் மழுங்கடித்து, துருத்தடுப்புப் பெயின்ட் அடித்து, ரப்பர் வளையம் போட்டு, சுற்றிலும் சீலண்ட் பூச வேண்டும். பெயின்ட் அடிக்காத ஓட்டை சில குளிர்காலங்களில் துருப்பூத்துவிடும்.

கிட்டில் பார்க்க வேண்டியவை

முதலில் ஒயரின் தடிமன். மலிவான கிட்கள் இங்கேதான் ஏமாற்றுகின்றன. மோட்டார் 30 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீட்டினால் போக வர இரண்டு மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் சுமார் 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் என்றால் இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. குளிர்காலத்தில் எண்ணெய் கெட்டியாகி மோட்டார் திணறும்போது இந்த வித்தியாசம் கூரையின் வேகத்தில் தெரியும். ஆகவே 6 சதுர மில்லிமீட்டர் கேளுங்கள். 4 வரை ஏற்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். ஒயர் தூய செம்பாக இருக்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் சந்தையில் ஏராளம். சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும்.

தடித்த ஒயர்களோடு வெப்ப உணரிக்கான மெல்லிய ஒயர்களும் சேர்ந்து நீட்டப்பட்டிருக்க வேண்டும். அவற்றை விட்டுவிடும் கிட் வேண்டாம். மோட்டார் சூடேறினால் நிறுத்தும் பாதுகாப்பு அதன் வழியாகத்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு ஒயருக்கும் அசல் ஒயரின் நிறத்திலேயே கொடுப்பவர் அக்கறையுள்ளவர். தடித்த இரண்டும் இடம் மாறினால் திறக்கும் பொத்தானுக்குக் கூரை மூடப் பார்க்கும்.

இணைப்புகள் கிரிம்ப் செய்து (உலோக முனையைக் கருவியால் நசுக்கிப் பிடித்து), உள்ளே பசை உருகும் வகை ஷ்ரிங்க் டியூப் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டவையாக இருக்க வேண்டும். அழுத்திக் கடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் வகை இணைப்பு இந்த ஆம்பியருக்கு உதவாது. அசல் சாக்கெட்டைப் போலவே பொருந்தும் முனைகளோடு வரும் கிட், ஒயரை வெட்டாமல் செருகும் வசதி தரும். விலை கூடினாலும் அதையே வாங்கலாம்.

பிராக்கெட்டில் ரப்பர் தாங்கி அவசியம். தகட்டோடு நேரே முறுக்கினால் டிக்கி முழுதும் மத்தளமாக அதிரும். தொகுப்பு முன்பு எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அதே நிலையில்தான் உட்கார வேண்டும். எண்ணெய்த் தொட்டி சாய்ந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். சத்தத் தடுப்புக்கு நீர் உறிஞ்சாத மூடிய துளை நுரை போடுங்கள். பழைய நுரையைத் திரும்பச் சுற்றித் தருபவர் நோயையும் சேர்த்தே இடம் மாற்றுகிறார். டிக்கியின் தரையில் வைக்கவும் கூடாது. பின்விளக்கு சீல்கள் வயதானால் டிக்கிக்குள்ளும் நீர் இறங்கும். பக்கவாட்டில், தரையைவிட உயரத்தில் இருக்கட்டும்.

எண்ணெயும் காற்றும்

தொட்டியின் மேலோ வண்டியின் கையேட்டிலோ குறிப்பிட்ட எண்ணெயே ஊற்ற வேண்டும். பழைய அமெரிக்க கன்வெர்ட்டிபிள்களில் பிரேக் ஆயிலும் பிறகு ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் ஓடியதைப் படித்துவிட்டு இதில் பிரேக் ஆயிலை ஊற்றுபவர் உண்டு. மினரல் எண்ணெய்க்காகச் செய்த ரப்பர் சீல்கள் கிளைகோல் வகைப் பிரேக் ஆயிலில் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். அப்புறம் சிலிண்டர், பம்ப் எல்லாம் மாற்ற வேண்டியதுதான்.

குழாயைக் கழற்றியிருந்தால் காற்று ஏறியிருக்கும். தொட்டியை மேல் குறி வரை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, கூரையை மெல்லத் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு அளவு பார்த்து நிரப்புங்கள். நுரைத்த எண்ணெய் அடங்கச் சில நிமிடம் விடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூடேறும். சிலிண்டர் நீண்டிருக்கும்போதும் உள்ளிழுத்திருக்கும்போதும் தொட்டியில் எண்ணெய் மட்டம் மாறும் என்பதால் எப்போதும் கூரையின் ஒரே நிலையில் வைத்து அளக்க வேண்டும். பேட்டரியைத் திரும்ப மாட்டியபின் ஜன்னல் கண்ணாடிகள் ஒரே தொடுதலில் ஏறவில்லை என்றால், முழுதாக ஏற்றி பொத்தானைச் சில நொடி பிடித்திருந்தால் நினைவு திரும்பும்.

மாற்றிய பிறகும் தீராதவை

மோட்டார் டிக்கிக்குப் போய்விட்டது என்பதால் வடிகாலை மறந்துவிடக் கூடாது. தேங்கும் நீர் இருக்கைக்குப் பின்னால் கம்பளத்துக்குள் இறங்கும், ஒயர்த் தொகுதிகளை அரிக்கும். போர்ஷ் பாக்ஸ்டர் 986 காரில் கூரையை இயக்க ஹைட்ராலிக்கே கிடையாது. ஆனாலும் வடிகால் அடைத்து உள்ளே இறங்கிய நீர் இருக்கைக்கு அடியிலுள்ள அலாரம் யூனிட்டை மூழ்கடித்து வண்டியையே கிளம்பவிடாமல் செய்யும். டிக்கியில் பம்ப் வைத்த ஜாகுவார் எக்ஸ்கே8-லும் கூரைத் தொல்லை உண்டு. முன்கண்ணாடிக்கு மேல் பூட்டுக்குப் போகும் குழாய் பிளந்து பச்சை எண்ணெய் ஓட்டுநர் தலையில் கொட்டுவது அந்தக் காருக்குப் பேர்போன வியாதி. குழாய்களின் வயதைக் கணக்கில் எடுக்காமல் பம்பின் இடத்தை மட்டும் மாற்றினால் போதாது. இஸட்4-இல் தொகுப்பை எடுக்கும்போதே குழாய் முழுவதையும் விரலால் தடவி, கசிவும் உராய்வும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

வடிகாலைத் தூர் வார, புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூலே தக்க கருவி. முனையை நெருப்பில் காட்டி மழுங்கடித்து, மேலிருந்து மெல்லச் சுழற்றியபடி விட வேண்டும். காற்று அழுத்தத்தால் ஊதினால் ரப்பர் குழாய் இணைப்பிலிருந்து கழன்று நீர் வண்டிக்குள்ளேயே கொட்டும் ஆபத்து இருக்கிறது. பிறகு ஒரு செம்பு நீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் உடனே தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு இன்னும் இருக்கிறது. இலையுதிர் காலத்துக்கு முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை செய்ய வேண்டும்.

மெக்கானிக்கிடம் விடுபவர்கள் வேலைக்கு முன்னே கேட்க வேண்டியவை இவை: ஒயர் எத்தனை சதுர மில்லிமீட்டர், ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது, பெயின்ட் அடிப்பீர்களா, பழைய மோட்டாரைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் புதியதற்கு விலை சொல்வீர்களா, வடிகாலைத் தூர் வாருவதும் கூலியில் அடக்கமா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று சொல்பவரை விட்டு வேறொருவரைப் பார்ப்பது நல்லது. தொகுப்பை எடுத்தபின் அந்த மூலை திறந்தே கிடக்கும், வடிகால் வாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதைத் தொடாமல் மூடுபவர் மற்ற வேலைகளிலும் குறுக்குவழிதான் பார்ப்பார். வேலை முடிந்ததும் அவர் முன்னாலேயே கூரையை மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். டிக்கியின் பக்கப் பலகையை மூடுவதற்கு முன் குழாய் முனைகளில் வெள்ளைக் காகிதத்தை ஒற்றி எண்ணெய்க் கறை படிகிறதா என்று பாருங்கள்.